வீட்டுக் குழாய்க்கும் வடிகாலுக்கும் தனிக் காப்புறுதி: பிரித்தானியாவில் அது யாருக்குத் தேவை?

பிரித்தானியாவில் சொந்த வீடு வாங்கிக் குடியேறியவர்களுக்குச் சில மாதங்களுக்குள் ஒரு கடிதம் வருவது வழமை. வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயையும் வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுநீர்க் குழாயையும் பழுதுபார்ப்பது வீட்டுரிமையாளரின் பொறுப்பு என்று அது நினைவூட்டும். மாதந்தோறும் சில பவுண் செலுத்தினால் எந்நேரமும் பிளம்பரை அனுப்பிவைப்பதாக வாக்களிக்கும். கடிதத்தின் தலைப்பில் அப்பகுதித் தண்ணீர்க் கம்பனியின் சின்னமும் சில வேளைகளில் இருப்பதால், தண்ணீர்க் கட்டணத்தைப் போல இதுவும் செலுத்தியே ஆக வேண்டியதொன்று என்று நம்பிச் சேர்ந்தவர்கள் பலர். இது கட்டாயமன்று. முற்றிலும் விருப்பத்துக்குரிய ஒரு காப்புறுதி.

ஆனால் கட்டாயமில்லை என்பதனால் அது பயனற்றது என்றும் ஆகிவிடாது. இதை வாங்குவதா, விடுவதா என்ற முடிவு மூன்று விடயங்களில் தங்கியிருக்கிறது. எந்தக் குழாய் உண்மையில் உங்களுடையது, அதற்கு ஏற்கெனவே வேறெங்கேனும் காப்பு இருக்கிறதா, திடீரென்று சில நூறு பவுண் செலவு வந்தால் உங்களால் தாங்க முடியுமா என்பனவே அவை. இவற்றுள் முதலாவதைத்தான் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. விற்பவரும் அதை விரித்துச் சொல்வதில்லை. ஆகவே அங்கிருந்து தொடங்குவோம். இங்கே சொல்லப்படும் சட்ட நிலை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு.

முதலில் உள்ளே வரும் நல்ல தண்ணீர். தெருவின் அடியில் ஓடும் பெருங்குழாயும், அதிலிருந்து உங்கள் காணியின் எல்லை வரை வரும் கிளைக் குழாயும் தண்ணீர்க் கம்பனிக்குச் சொந்தம். எல்லையில், பெரும்பாலும் நடைபாதையில் ஒரு சிறு மூடியின் கீழ், தண்ணீரை நிறுத்தும் திருகான வெளி ஸ்டொப் டப் இருக்கும். அங்கிருந்து உங்கள் சமையலறைத் தொட்டியின் கீழுள்ள உள் ஸ்டொப் டப் வரை நிலத்தடியில் வரும் துண்டுக் குழாயும், அதற்கப்பால் வீட்டுக்குள் இருக்கும் குழாய்கள் அனைத்தும் உங்களுடையவை. பழைய தொடர்வீடுகள் சிலவற்றில் இரண்டு மூன்று வீடுகளுக்கு ஒரே நிலத்தடிக் குழாய் பொதுவாக இருக்கும். அப்போது பொறுப்பும் அயலவரோடு பொதுவானது. உங்கள் பகுதிக் குழாயில் கசிவு இருப்பதைக் கண்டால், குறித்த காலத்துக்குள் திருத்துமாறு அறிவித்தல் கொடுக்கும் அதிகாரம் கம்பனிக்குச் சட்டப்படி உண்டு. இதைக் கேட்டதும் அச்சம் எழுவது இயல்பே. ஆனால் பல தண்ணீர்க் கம்பனிகள் இந்த நிலத்தடிக் குழாயில் ஏற்படும் கசிவை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ திருத்திக் கொடுக்கும் திட்டங்களை வைத்திருக்கின்றன. மீற்றர் உள்ள வீடுகளுக்கு, கசிவால் ஏறிய கட்டணத்தில் தள்ளுபடி தரும் ஏற்பாடும் உண்டு. கம்பனிக்குக் கம்பனி நிபந்தனை மாறுவதால், காப்புறுதிக் கடிதத்துக்குப் பதில் எழுதுமுன் உங்கள் கம்பனியின் இணையத்தளத்தில் இதைப் பார்த்துவிடுவது நல்லது. அங்கே இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு மாதந்தோறும் பணம் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உள்ளன.

வெளியேறும் கழிவுநீரின் கதை இதைவிடச் சுவையானது. இந்தக் காப்புறுதியின் மதிப்பைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் இதுவே. ஒரு வீட்டின் கழிவுநீரை மட்டும் கொண்டுசெல்லும் குழாயை வடிகால் என்றும், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளின் கழிவுநீர் சேர்ந்து ஓடும் குழாயைச் சாக்கடைக் குழாய் என்றும் சட்டம் பிரிக்கிறது. 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் 1937 ஒக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முன் அமைக்கப்பட்ட பொதுவான சாக்கடைக் குழாய்கள் ஊராட்சியின் பொறுப்பாயின. அதன் பின் கட்டப்பட்ட வீடுகளில் பலவற்றுக்கு இந்த வசதி இருக்கவில்லை. நான்கு வீடுகளுக்குப் பொதுவான குழாய் நான்காம் வீட்டின் தோட்டத்தில் உடைந்தால், நால்வரும் கூடிப் பேசிச் செலவைப் பகிர வேண்டியிருந்தது. ஒருவர் மறுத்தால் பிணக்குத்தான். வடிகால் காப்புறுதி பரவலாக விற்பனையானதற்கு அக்காலத்தில் நியாயமான காரணம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

2011 ஒக்டோபர் 1 அன்று அந்த நிலை மாறியது. பொதுச் சாக்கடையோடு இணைந்திருந்த தனியார் சாக்கடைக் குழாய்கள் பெரும்பாலும் அனைத்தும், ஒரு வீட்டுக்கே உரிய வடிகாலில் அந்த வீட்டின் காணி எல்லைக்கு வெளியே உள்ள பகுதியும், அன்று தொடக்கம் கழிவுநீர்க் கம்பனிகளின் பொறுப்பாக மாற்றப்பட்டன. அயல் வீட்டோடு பகிரும் குழாய் உங்கள் தோட்டத்தின் நடுவே ஓடினாலும் அது இப்போது உங்களுடையதன்று. அது அடைத்துக்கொண்டால் கம்பனி வந்து இலவசமாக எடுத்துவிட வேண்டும். உங்களிடம் எஞ்சியிருப்பது, உங்கள் வீட்டின் கழிவுநீரை மட்டும் சுமந்துகொண்டு, உங்கள் எல்லைக்குள் கிடக்கும் துண்டு மட்டுமே. லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற இடங்களின் பழைய தொடர்வீடுகளில், பின்புறச் சுவரிலிருந்து பொதுக்குழாய் வரையான அத்துண்டு சில மீற்றர் நீளமே இருக்கக்கூடும். ஹரோ பக்கத்து இரட்டை வீடுகளிலும் பொதுக்குழாய்கள் நிறைய உண்டு. தெருவிலிருந்து உள்ளே தள்ளி, நீண்ட முன்தோட்டத்தோடு நிற்கும் தனிவீட்டுக்கே உரிமையாளரின் துண்டு நீளமானது. எனவே ஒரே மாதக் கட்டணத்தைச் செலுத்தும் இரு வீட்டுக்காரரில் ஒருவர் மூன்று மீற்றருக்கும் மற்றவர் முப்பது மீற்றருக்கும் காப்பு வாங்கிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் துண்டு எது என்று அறிய ஓரளவு எளிய வழி உண்டு. வீடு வாங்கியபோது உங்கள் சட்டத்தரணி பெற்ற நீர், வடிகால் தேடல் அறிக்கையில் பொதுச் சாக்கடைகளின் வரைபடம் இருக்கும். ஆயினும் 2011இல் கைமாறிய குழாய்கள் பல அந்த வரைபடங்களில் குறிக்கப்படவில்லை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். வரைபடத்தில் கோடு இல்லை என்பதனால் குழாய் உங்களுடையது என்று பொருளில்லை. அடைப்பு வந்த வேளையில் காணியிலுள்ள மேன்ஹோல் மூடியைத் திறந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். டொயிலட் நீர் இறங்காமல் நிற்கும்போது அந்தக் குழி காய்ந்திருந்தால், அடைப்பு வீட்டுக்கும் குழிக்கும் இடையில், அதாவது பெரும்பாலும் உங்கள் பகுதியில். குழி நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கப்பால் இருக்கிறது. அயல் வீட்டிலும் அதே தொல்லை என்றால், பொதுக்குழாய்தான் அடைத்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம். மூடி கனமானது; குழிக்குள் நச்சு வாயு இருக்கக்கூடும்; ஆகவே பார்ப்பதோடு நிற்க வேண்டும், ஒருபோதும் இறங்கக் கூடாது. பிறகு, பிளம்பரை அழைக்குமுன் கழிவுநீர்க் கம்பனியை அழையுங்கள். அவர்களது அவசர இலக்கம் கட்டணப் பட்டியலிலேயே அச்சிடப்பட்டிருக்கும். தனியார் பிளம்பருக்குப் பணம் கொடுத்த பின்னர் அது கம்பனியின் குழாய் என்று தெரியவந்தால், அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். வீட்டுக் கடன் எடுத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் கட்டடக் காப்புறுதி இருக்கும், ஏனெனில் கடன் கொடுத்தவர் அதைக் கேட்பார். குழாய் வெடித்து நீர் பெருகிக் கூரைத்தளமும் தரையும் பழுதானால், அந்தச் சேதத்தைக் கட்டடக் காப்புறுதி பொதுவாக ஏற்கிறது. கசிவு எங்கே என்று தேடிச் சுவரையோ தரையையோ உடைத்து, மீண்டும் மூடும் செலவையும் பல ஒப்பந்தங்கள் ஒரு வரம்புக்குள் ஏற்கின்றன. உங்கள் பொறுப்பிலுள்ள நிலத்தடிக் குழாய்கள் விபத்தாகச் சேதமடைந்தால் அதற்கும் பெரும்பாலும் இடமுண்டு. மரவேர் புகுந்து உடைத்த வடிகால் இவ்வகையில் ஏற்கப்படலாம். ஆயிரக்கணக்கான பவுண் விழுங்கும் பெரிய இழப்புகளில் பல இவ்வாறு ஏற்கெனவே காக்கப்பட்டிருக்கின்றன. கட்டடக் காப்புறுதி பொதுவாக ஏற்காதவை இரண்டு. வெடித்த குழாயைத் திருத்தும் பிளம்பரின் கூலி ஒன்று; காலப்போக்கில் தேய்ந்து பழுதானது என்று சொல்லத்தக்க எதுவும் மற்றொன்று. எக்ஸஸ் எனப்படும், நாமே முதலில் செலுத்த வேண்டிய தொகையும் நீர்ச் சேதத்துக்குச் சற்று உயர்வாகவே இருக்கும். மேலும், ஒப்பந்தத்தைப் பொறுத்து 30 அல்லது 60 நாட்களுக்கு மேல் வீடு ஆளின்றிக் கிடந்தால் நீர்ச் சேதத்துக்கான காப்பு நின்றுபோகும். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்குபவர்கள் இந்த வரியைத் தேடிப் படித்தாக வேண்டும்.

குழாய், வடிகால் காப்புறுதி என்று தனியாக விற்கப்படுவது, இந்த இடைவெளியை நிரப்பும் பொருள். அது வீட்டைக் காக்கும் காப்புறுதியன்று. பிளம்பரை அனுப்பி, கூலியும் உதிரிப்பாகமும் கொடுத்து, கசிவை நிறுத்தி, அடைப்பை எடுத்து, குழாயைத் திருத்தி விட்டுப் போவதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிகிறது. தேய்மானத்தால் வந்த பழுதையும் அது பெரும்பாலும் ஏற்பதுதான் அதன் உண்மையான பலம். நனைந்த கம்பளத்துக்கும் உரிந்த சுவர்ப் பூச்சுக்கும் நீங்கள் கட்டடக் காப்புறுதியிடமோ வீட்டுப் பொருட் காப்புறுதியிடமோதான் போக வேண்டும். கொதிகலனும் வெப்பமூட்டும் குழாய்களும் பொதுவாக இதில் அடங்குவதில்லை. அவற்றுக்கு வேறு காப்புறுதி, வேறு கட்டணம்.

இனி ஒப்பந்தத்தின் நுண்ணெழுத்து. சேர்ந்த முதல் 14 நாட்களோ ஒரு மாதமோ எதையும் கோர முடியாதபடி காத்திருப்புக் காலம் வைப்பது வழமை. சேருமுன்பே இருந்த பழுது ஏற்கப்படாது. ஒரு தடவைக்கு இவ்வளவு பவுண், ஆண்டுக்கு இத்தனை தடவை என்று வரம்பு இருக்கும்; அந்த வரம்பு 500 பவுணா 4,000 பவுணா என்பதில் இரண்டு காப்புறுதிகளுக்கிடையே பெரும் வேறுபாடு உண்டு. நிலத்தடிக் குழாயைத் தோண்டித் திருத்தினால், குழியை மண்ணிட்டு மூடுவார்கள். மேலே இருந்த அலங்காரக் கற்தளத்தைப் பழையபடி அமைத்துத் தருவார்களா என்பதை எழுத்தில் பார்க்க வேண்டும். அவசரநிலை என்ற சொல்லுக்கு ஒப்பந்தம் கொடுக்கும் வரைவிலக்கணத்தையும் கவனியுங்கள். சொட்டும் குழாயும் மெதுவாக இறங்கும் தொட்டியும் சில ஒப்பந்தங்களில் அவசரமல்ல. வேறு சிலவற்றில் அவையும் அடங்கும். 1950களிலிருந்து 1970கள் வரை கட்டப்பட்ட வீடுகளில், மரக்கூழைத் தாரில் ஊறவைத்துச் செய்த பிட்ச் ஃபைபர் குழாய்கள் புதைக்கப்பட்டிருக்கக்கூடும். அவை காலப்போக்கில் கொப்புளம் கட்டி நசுங்குகின்றன. அத்தகைய குழாயை ஏற்குமா என்று காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெற்று வைப்பதே நல்லது. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு, சொந்த வீட்டுக்கான ஒப்பந்தம் பொதுவாகச் செல்லுபடியாகாது. வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கென உள்ள தனி வகையைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது வீடு வைத்திருக்கும் நம்மவர் பலர் தவறவிடும் இடம் இது.

பணக் கணக்கைப் பார்ப்போம். கணக்குக்காக மாதம் 10 பவுண் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 120 பவுண். அதில் ஏறத்தாழ 13 பவுண், 12 வீதமான காப்புறுதிக் கட்டண வரியாக அரசுக்குப் போகிறது. பத்து ஆண்டுகளில் 1,200 பவுண். பகல் நேரத்தில் ஓர் அடைப்பை எடுக்கவோ ஒரு குழாய் மூட்டை மாற்றவோ உள்ளூர் பிளம்பருக்கு ஆகும் செலவு பெரும்பாலும் சில நூறு பவுணுக்குள் அடங்கும். ஆகவே பத்து ஆண்டுகளில் நான்கைந்து தடவை பழுது வந்தால்தான் கட்டிய பணம் ஈடாகும். முதலாண்டு மிகக் குறைந்த கட்டணம் காட்டி, இரண்டாம் ஆண்டில் பல மடங்காக ஏற்றுவது இத்துறையில் நெடுங்காலம் இருந்த பழக்கம். எனவே ஒப்பிடும்போது முதலாண்டுத் தொகையை விடுத்து, புதுப்பிக்கும் போது வரும் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிதி நடத்தை அதிகாரசபையான எஃப்.சி.ஏ., எத்தனை பேர் இழப்பீடு கோருகிறார்கள், எத்தனை கோரிக்கைகள் ஏற்கப்படுகின்றன, சராசரியாக எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்ற தரவுகளை 2017இல் பரீட்சார்த்தமாக வெளியிடத் தொடங்கியபோது, அதற்குத் தெரிந்தெடுத்த நான்கு வகைகளுள், இத்தகைய குழாய், வடிகால் காப்பும் அடங்கும் வீட்டு அவசரக் காப்புறுதியும் ஒன்று. நுகர்வோருக்குப் பெறுமதி தருகிறதா என்ற கேள்வி ஒழுங்குமுறையாளருக்கே இருந்தது என்பதற்கு இது சான்று.

அந்தக் கேள்வி காரணமின்றி எழவில்லை. இத்துறையின் மிகப் பெரிய பெயரான ஹோம்சேர்வ், 1993இல் சவுத் ஸ்டாஃபர்ட்ஷயர் தண்ணீர்க் கம்பனியோடு சேர்ந்த கூட்டு முயற்சியாகத் தொடங்கியது. 2014 பெப்ரவரியில் எஃப்.சி.ஏ. அந்நிறுவனத்துக்கு 3 கோடி 6 இலட்சம் பவுணுக்கு மேல் தண்டம் விதித்தது. 2005 முதல் 2011 வரை காப்புறுதிகளைத் தவறான முறையில் விற்றமையும், வாடிக்கையாளர் முறைப்பாடுகளைச் சரிவர விசாரிக்காமையும் முக்கிய காரணங்கள். அதன் பின் விற்பனை முறைகள் திருந்தியுள்ளன. நல்ல சேவை பெற்றுத் திருப்தியாக இருப்பவர்களும் நிறையப் பேர் உண்டு. ஆயினும் தொலைபேசியில் அவசரப்படுத்தி விற்கப்படும் எதற்கும் அன்றே சம்மதம் சொல்லாதிருக்க இது போதிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

சிலருக்கு இது தேவையே இல்லை. வாடகைக்கு இருப்பவர் ஒரு பென்ஸும் செலவழிக்க வேண்டியதில்லை. 1985ஆம் ஆண்டின் வீட்டுச் சொந்தக்காரர், வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி நீர்க் குழாய்களையும் வடிகாலையும் மலசலகூட வசதிகளையும் பழுதின்றி வைத்திருப்பது சொந்தக்காரரின் கடமை. குத்தகை உரித்தில் ஃபிளட் வாங்கியவர்களுக்குப் பொதுக்குழாய்கள் கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்கெனச் சேவைக் கட்டணம் செலுத்தி வருகிறார்கள். தமது ஃபிளட்டுக்குள் உள்ள குழாய்கள் மட்டுமே அவர்களுக்கு மிச்சம். உத்தரவாதத்தோடு புதுவீடு வாங்கியவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் குறைபாடுகளைக் கட்டியவரே திருத்த வேண்டும்.

சொந்தத் தொடர்வீட்டில் இருந்துகொண்டு, ஆயிரம் பவுண் அளவில் அவசரச் சேமிப்பும் வைத்திருப்பவருக்கு என் கருத்து தெளிவானது: அதே 10 பவுணை ஒவ்வொரு மாதமும் தனியான சேமிப்புக் கணக்கில் போடுவதே மேல். பழுது வராவிட்டால் பணம் உங்களிடமே இருக்கும். மறுபுறம், சம்பளத்துக்குச் சம்பளம் இழுபட்டு வாழும் குடும்பத்துக்கு ஓர் இரவில் 300 பவுண் தேடுவது பெருந்துயரம். கடனட்டையில் எடுத்து வட்டி கட்டுவதைவிட மாதக் கட்டணம் இலேசானது. தனியாக வாழும் முதியவர்களைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பேரம் பேசவும் நம்பத்தக்க பிளம்பரை நள்ளிரவில் தேடவும் இயலாத ஒரு தாய்க்கு, ஒரே இலக்கத்தை அழைத்தால் ஆள் வரும் என்ற உறுதியே கட்டணத்துக்கு ஈடான பொருள். அங்கே இலாப நட்டக் கணக்கு பார்ப்பது சரியாகாது. பிள்ளைகள் தம் பெயரில் கட்டணத்தைச் செலுத்தி எடுத்துக் கொடுத்தாலும் தகும். நீண்ட நிலத்தடிக் குழாய்களும் முதிர்ந்த மரங்களும் உள்ள பழைய தனிவீட்டுக்காரரும், வேறு நகரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவரும் வரம்பு உயர்ந்த ஒப்பந்தத்தை எடுப்பது நியாயமே.

எடுத்தாலும் விட்டாலும் அடைப்பு வராமல் காப்பது மலிவானது. லண்டன் வைட்சப்பலில் 2017இல் கண்டெடுக்கப்பட்ட கொழுப்புத் திரள் 250 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 130 தொன் எடையும் கொண்டது. சமையலறைக் கொழுப்பும் ஈரத் துடைப்பான்களும் இறுகி உருவானது அது. நம் சமையலில் புழங்கும் தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். இந்நாட்டின் நிலத்தடிக் குழாய்களின் வெப்பநிலை பெரும்பாலும் அதைவிடத் தாழ்வானது. ஆகவே வடையும் ரோல்ஸும் பொரித்த எண்ணெயை ஆறவிட்டுப் போத்தலில் அடைத்துக் குப்பையில் போடுவதும், கறிச்சட்டியைக் கழுவுமுன் காகிதத்தால் துடைப்பதும் வடிகாலுக்குச் செய்யும் மெய்யான காப்பு. தவறான பாவனையால் மீண்டும் மீண்டும் வரும் அடைப்பைச் சில ஒப்பந்தங்கள் மறுக்கும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். உள் ஸ்டொப் டப் எங்கே இருக்கிறது என்பதையும், வலம் சுழித்தால் அது மூடும் என்பதையும் வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இரு தடவை அதைத் திறந்து மூடிப் பார்த்தால் அவசர வேளையில் இறுகி நிற்காது.

காப்புறுதியை எடுத்த பின் மனம் மாறினால், பொதுவாக 14 நாட்களுக்குள் இரத்துச் செய்து, இடையில் எதையும் கோரியிராவிட்டால் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறலாம். கோரிக்கை மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு, முதலில் நிறுவனத்திடமே முறைப்பாடு செய்ய வேண்டும். இறுதிப் பதில் கொடுக்க அவர்களுக்கு 8 வாரம் உண்டு. அப்பதில் ஏற்கத்தக்கதாக இல்லையெனில், அது கிடைத்த 6 மாதத்துக்குள், நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஃபைனான்சியல் ஒம்புட்ஸ்மன் சேர்விஸிடம் போகலாம்; அதற்குக் கட்டணம் இல்லை. பிளம்பர் வந்த நாளில் எடுத்த ஒளிப்படங்களும், அவர் எழுதிக்கொடுத்த அறிக்கையும், தொலைபேசியில் பேசிய திகதி நேரக் குறிப்புகளும் அங்கே உங்களுக்காகப் பேசும் ஆவணங்கள்; குழாய் திருத்தப்பட்டதும் அவற்றை எறிந்துவிடாதீர்கள்.